வலது காது

1

அமெரிக்காவில் குடியேற வருகிறவர்கள் ஒரு காதைக் காட்ட வேண்டும். வலது காது. விசாவுக்குக் கொடுக்கும் போட்டோவில் முகத்தை முக்கால் பாகம் திருப்பி, தலைமுடியை ஒதுக்கி, வலது காது முழுசாகத் தெரியும்படி உட்கார வேண்டும் என்பது விதி. கண் தெரிந்தால் போதாதா, மூக்கு தெரிந்தால் போதாதா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் காதைக் காட்டிவிட்டு விமானம் ஏறி வந்து சேர்ந்தேன்.

அதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள் மீனா. பன்னிரண்டு வயசு. போன சனிக்கிழமை சிநேகிதியோடு கடைகண்ணி பார்க்கப் போனவள், இரண்டு காதிலும் இன்னொரு துளை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இங்கே தாய்மாமன் மடியும் கிடையாது, கெடா வெட்டும் கிடையாது. நகைக்கடைப் பெண் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காதில் வைத்து அழுத்துகிறாள், முடிந்தது. நான் மீனாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

"வெறும் காதுதானே அம்மா" என்றாள் இங்கிலீஷில்.

அன்று முதல் தினமும் காலையில் அவள் பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் அந்தத் துளைகளைத் தடவிப் பார்க்கிறேன். கட்டி எதுவும் தட்டுப்படுகிறதா என்று. எங்கள் குடும்பத்துச் சதைக்கு ஒரு குணம் உண்டு. புண் ஆறினால் அதோடு நிற்காது. தழும்பு வளர ஆரம்பிக்கும், சிலருக்கு நிற்கவே நிற்காது. இதை மீனாவுக்குச் சொல்ல உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் அவளுக்குத் தமிழ் போதவில்லை, எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அவள் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு டெலிவிஷன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் வேலை பார்ப்பது கார்செட் தைக்கும் தொழிற்சாலையில். ஊரில் அப்படி ஒரு சாமான் கிடையாது. விலாவிலிருந்து தொடை வரைக்கும் பெண்ணைப் பிடித்து இறுக்குகிற உள்சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கித்தான் மாதிரிக் கெட்டித் துணி, நடுநடுவே மெல்லிய எஃகுத் தகடு, முதுகில் கயிறு. தகடுகளை அதனதன் உறைக்குள் செருகி வாயை மூடித் தைப்பது என் வேலை. வந்த புதிதில் இதை யாருக்கோ மருத்துவத்துக்காகச் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது அது நிஜமாகவே அப்படி ஆகிவிட்டது. முதுகுவலிக்காரர்கள்தான் வாங்குகிறார்கள்.

பக்கத்து மெஷினில் இருக்கும் ரோஸ் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் சின்ன வயசிலிருந்து இறுக்கிக் கட்டி, கடைசிக் காலத்தில் கயிறு இல்லாமல் நிமிர்ந்து உட்கார முடியாமல் போனாளாம். சர்ச்சில் மயங்கி விழுந்தால் எல்லாரும் பெருமையாகப் பார்ப்பார்களாம். அவ்வளவு மெல்லிய இடுப்பு என்று. ரோஸ் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் சூப்பர்வைசர் சின்னப் பெண், கார்செட்டைக் கையால் தொடவே அருவருப்பாள். அவள் மத்தியானம் பாதி ஆப்பிள் தின்பாள். சாயங்காலம் ஓடுவாள். போன மாதம் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள், நாங்கள்தான் தூக்கி உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் என் வேலையைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வெள்ளைக்காரிகளுக்குப் பைத்தியமா, உடம்பை இப்படியா வதைப்பார்கள் என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. எனக்கு என் அக்கா இருக்கிறாள்.

3

அக்கா பேர் பேச்சியம்மாள். என்னைவிட ஒன்பது வயசு மூத்தவள். அவள் பிறந்த காலத்தில் பரவைக்கு மேற்கே எங்கள் பக்கத்து ஊர்களில் பெண்பிள்ளைக்குக் காது வளர்ப்பது வழக்கம். கைக்குழந்தையிலேயே காது மடலின் கீழ்ப்பக்கம் கத்தியால் கீறிப் பஞ்சைத் திணிப்பார்கள். புண் ஆறியதும் ஈயத்தில் குணுக்கு என்ற கனத்த வளையம் மாட்டுவார்கள். கனம் கூடக் கூடத் துளை அகலும், காது இறங்கும். தோளைத் தொட்டால் லட்சணம். அந்தக் காதில் பிறகு தங்கத்தில் தண்டட்டி ஏறும். காது இறங்காத பெண்ணை யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள்.

அக்காவுக்கு அருமையான காது. அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள். சின்னதில் நான் அக்கா மடியில் படுத்து, அந்தத் துளைக்குள் விரலை விட்டுக்கொண்டுதான் தூங்குவேன். தூக்கத்தில் இழுத்துவிடுவேனாம். அவள் ஒரு நாளும் கையைத் தட்டிவிட்டதில்லை.

எனக்குக் காது வளர்க்கவில்லை. நான் பிறப்பதற்குள் அழகு மாறிப்போயிருந்தது. யார் மாற்றினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஊர்க்கூட்டம் போட்டா முடிவு செய்தார்கள். மதுரைக்குள் போனால் பஸ்ஸில் பிள்ளைகள் சிரித்தன, சினிமாவில் எந்தக் கதாநாயகிக்கும் காது தொங்கவில்லை. அம்மா ஒரு நாள் டவுனுக்குப் போய்விட்டு வந்து, தொட்டிலில் கிடந்த என்னைப் பார்த்து, "இவளுக்கு வேணாம்" என்றாளாம். அவ்வளவுதான். ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு விதக் காது.

4

அக்காவுக்கு மாப்பிள்ளை மதுரையில் ஒரு மில்லில் கிளார்க். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்துக்கு அது பெரிய இடம். மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்தபோது, அவளுடைய காதிலேயே ஒட்டுப் போட்ட தையல் கோடு தெரிந்தது. வளர்த்த காதை வெட்டித் தைத்துத் தோடு போட்டுக்கொண்டவள் அவள்.

"பொண்ணு மகாலச்சுமி கணக்கா இருக்கா மதினி" என்றாள் அம்மாவிடம். "காத மட்டும் ஒட்டிருங்க. எம் மகன் ஆபீசுல நாலு பேரு வந்து போவாக."

டவுனில் ஒரு டாக்டர் தொங்கின சதையை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார். வெட்டின சதையை என்ன செய்திருப்பார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நன்றாகத் தேறும் வரைக்கும் காதில் எதையும் போடக் கூடாது, ஆறு மாசமாவது ஆகட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் ஆடி பிறந்தால் கல்யாணம் வைக்க முடியாது, ஆனியில் நாள் குறித்தாகிவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வினை வந்தது. பெண்ணின் காதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்து மாப்பிள்ளை வீட்டார் பதறிக்கொண்டு வந்தார்கள்.

"மூளிக் காதோட மணவறையில உக்காத்தவா? தாலி அறுத்தவ மாதிரி?" என்றாள் அந்த அம்மாள்.

மூளிக் காது என்ற சொல் எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு அதைக் கேட்டதுமே முகம் செத்துவிட்டது. ஆசாரியைக் கூட்டிவரச் சொன்னாள். அவர் அக்காவின் காதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"இன்னும் செவப்புக்கூட மாறலையே தாயி. இதுல எப்படிக் குத்துறது?"

"தாலி ஏறுற நேரம் மட்டும் கெடந்தாப் போதும். பெறகு கழட்டிருவோம்" என்றாள் அம்மா.

"நான் பொறுத்துக்கிறேன் பெரியப்பா. குத்துங்க" என்றாள் அக்கா ஆசாரியிடம்.

இரண்டு பக்கமும் கல்தோடு, அதன் கீழே ஜிமிக்கி. ஜிமிக்கி மாப்பிள்ளை வீட்டுச் சீர், போடாமல் இருக்க முடியாது. அக்கா மணவறையில் அழுதுகொண்டே இருந்தாள். பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் மெச்சினார்கள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கழுத்து மாலையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுவது தெரிந்தது.

5

தையல் பிரிந்துவிட்டது. சீழ் வைத்து, ஆறி, ஆறின இடத்தில் தழும்பு வளர்ந்தது. முதலில் கடலை அளவு, பிறகு நெல்லிக்காய் அளவு. வலது காதில் இன்னும் பெரிசு. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். முன்னைவிடப் பெரிசாக வளர்ந்தது. மறுபடி வெட்டினார்கள், மறுபடி வளர்ந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அக்காவின் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. வாங்கின பாத்திரம் ஓட்டை என்று தெரிந்தால் வருகிற சலிப்பு மாதிரி ஒன்று அவர்களுக்கு இருந்தது. வண்டியூர்த் தெப்பத் திருவிழாவுக்கு மருமகளை அழைத்துப்போன அன்று, மாப்பிள்ளை, "நீ கொஞ்சம் பின்னால வா" என்றாராம். அன்றைக்குத்தான் அக்கா முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டாள். அதன் பிறகு அது இறங்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த தை மாதம் மாமியார்க்காரி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்தாள். எனக்குப் பதினேழு முடிந்திருந்தது.

"மூத்தவள வேணாம்னு சொல்லல மதினி. அவளும் இருக்கட்டும். சின்னவளையும் குடுத்துருங்க. அக்கா தங்கச்சிதானே, ஒத்துப் போவாக" என்றாள். பேசிக்கொண்டே என் பக்கத்தில் வந்து, முடியை ஒதுக்கி, என் காதைப் பிடித்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அந்த விரலின் சூடு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். முடியாது என்று சொல்லப் போகிறவர் உட்காருகிற மாதிரி அவர் உட்காரவில்லை.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். எல்லாருக்கும் நடுவில் நின்று முக்காட்டை எடுத்தாள். நாங்களே அவள் காதைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தே, நல்லாப் பாத்துக்கங்க" என்றாள் அக்கா. "அவளும் இதே ரத்தம்தான். இன்னைக்கு அவ காது நல்லாத்தான் இருக்கு. பிள்ளை பெத்தா, ஒரு ஆபரேசன் பண்ணுனா, ஒரு சுட்ட புண்ணு பட்டா, எங்க எது வளரும்னு யாரு கண்டா? எம்புட்டு வெட்டுவீக?"

அந்த அம்மாள் என் காதை விட்டுவிட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் பிறகு வரவில்லை. அவள் மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அந்த வருஷமே, அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த மாமா மகனுக்கு அப்பா என்னை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார். மாமன் வீட்டில் ரத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

6

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். அக்கா தனியே இருந்தாள். பரவை மார்க்கெட்டில் காய்கறி எடை போடுகிற வேலை. மூட்டை தூக்குகிற ஆண்கள் மாதிரித் துண்டைத் தலையில் சுற்றிக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு போவாள். எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததும் அவளை வரவழைக்க விண்ணப்பம் போட்டேன். கூடப் பிறந்தவர்களுக்கு வரிசை ரொம்ப நீளம். வருஷக் கணக்கில் காத்திருந்தோம். நடுவில் அவர்கள் கேட்ட காகிதங்களுக்குக் கணக்கில்லை. பிறப்புச் சான்று கேட்டார்கள், அக்கா பிறந்ததை யார் பதிவு செய்தார்கள். புருஷன் இருக்கிறாரா, இல்லையா என்ற கேள்விக்கு ஒரே ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். எதை எழுதுவது என்று தெரியாமல் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை போட்டோம்.

கடைசியில் முறை வந்தது. போட்டோ வேண்டும் என்றார்கள்.

அக்கா மாட்டேன் என்றாள். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த அரிசி மண்டி போனுக்கு நான் மறுபடி மறுபடி கூப்பிட்டுக் கெஞ்சினேன். இங்கே வந்தால் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், ஊசி போட்டே கட்டியைக் கரைக்கிறார்கள், ஒரு தடவை காட்டினால் போதும் என்றேன். எனக்காகக் கூடவா காட்ட மாட்டாய் என்று கேட்டேன். ஒரு தடவை எனக்காகத்தானே காட்டினாள். அவள் என் வீட்டுக்காரரையும் மீனாவையும் விசாரித்தாள். பிறகு, "சரி, போறேன்" என்றாள்.

பக்கத்து வீட்டு சோலை அண்ணன் மதுரையில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். ஸ்டுடியோ வைத்திருந்த பாய் நல்ல மனிதர். உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, "யாரும் வரமாட்டாங்கம்மா, நிதானமாத் துணிய எடுங்க" என்றாராம். அக்கா முக்காட்டை எடுத்துவிட்டு, அவர் சொன்னபடி முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். படங்களை சோலை அண்ணன் போய் வாங்கி, உறையைப் பிரிக்காமல் காகிதங்களோடு வைத்துவிட்டார். அக்கா பார்க்கவில்லை. பார்க்க ஆசைப்படுவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மெட்ராசில் விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். துணியை எடுங்கம்மா என்றாள் அந்தப் பெண். அக்கா எடுத்தாள். பின்னால் வரிசையில் அம்புட்டுப் பேர் நின்றார்களாம். அந்த அதிகாரி படத்தைப் பார்த்தார். அக்காவின் காதைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு படத்தைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சந்து வழியே நகர்த்தினார்.

படத்தில் வழவழவென்று ஒரு காது. கட்டி இல்லை, தையல் இல்லை. மடலில் ஒற்றைக்கல் தோடு ஒன்று மின்னியது.

பாய் டச் பண்ணிவிட்டார். கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்பை அழிக்கிற அதே பென்சிலால் நெகட்டிவில் கட்டியை அழித்துவிட்டார். அதோடு விட்டாரா, கழுத்தில் தாலி கிடக்கிற பெண் மூளிக் காதோடு வெளிநாடு போவது ஆகாது என்று தோட்டையும் அவரே வரைந்துவிட்டார். சோலை அண்ணன் பிறகு போய்க் கேட்டபோது, "பாவம், நல்லா இருக்கட்டுமேன்னு செஞ்சேன் அண்ணே" என்று கண் கலங்கினாராம். காசு கூட்டி வாங்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. திட்டவேண்டியவர்கள் வரிசையில் அவருக்கு ரொம்ப முன்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள். அதில் என் அம்மாவும் இருக்கிறாள்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். இந்தப் படம் உங்கள் முகத்தோடு ஒத்துப்போகவில்லை, வேறு படம் எடுத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றாராம்.

7

நான் மண்டிக்குப் போன் போட்டேன். அக்கா வந்து எடுத்தாள்.

"ஒரே ஒரு போட்டோ அக்கா. வேற ஒண்ணும் கேக்கல அவுக. வேற ஸ்டுடியோவுல எடுத்துருவோம்."

"வேணாம்டி செல்வி."

"இம்புட்டு வருசம் காத்திருந்துட்டு?"

"அந்தப் போட்டோவுல இருக்கிறவளக் கூட்டிக்க. அவளுக்குத்தான் எல்லாம் ஒழுங்கா இருக்கு. நான் வரல."

நான் அழுதேன். கோபமாகவும் பேசினேன். தனியாகக் கிடந்து சாகப் போகிறாயா என்று கேட்டுவிட்டேன். அவள் எதற்கும் குரலை உயர்த்தவில்லை. மண்டியில் யாரோ தராசுத் தட்டைப் போடுகிற சத்தம் கேட்டது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சன்னல்ல அந்தப் படத்தக் குடுத்தப்ப இது யாருன்னு நானே கேட்டேன்டி. அந்தத் தமிழ்ப் பொண்ணு, நீங்கதாம்மான்னுச்சு. பஸ்ஸுல வரும்போது பூரா அதையே பாத்துக்கிட்டு வந்தேன். இந்தக் காதக் கைப்பிள்ளையில கீறாம அப்படியே விட்டுருந்தாலோ, இல்ல ஒட்டுனது ஆறுற வரைக்கும் பொறுத்திருந்தாலோ, நான் எப்படி இருந்திருப்பேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நல்லாத்தான்டி இருந்திருக்கேன்."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பாய்கிட்டயே குடுத்துப் பெருசாக்கி, சட்டம் போட்டு வீட்ல மாட்டிட்டேன்" என்றாள். "நான் செத்தா மாலை போட அதையே வைக்கணும்னு சோலை அண்ணங்கிட்டச் சொல்லிருக்கேன். வேற எதையும் வச்சுறப்பிடாது."

இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. மீனா பக்கத்து அறையில் சிநேகிதியோடு சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தப் படத்துக்காரி வேண்டாம். அவளை எனக்குத் தெரியாது. அவள் என்னை மடியில் போட்டுக்கொண்டதில்லை, எனக்காக நாலு பேருக்கு நடுவில் வந்து நின்றதில்லை. அந்தக் கட்டிக் காதோடு என் அக்கா என் வீட்டில் வந்து இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருஷம் காகிதம் காகிதமாக எழுதினேன். இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அவள் வாழ்நாளில் முதல் தடவையாக ஆசைப்பட்டு வைத்திருக்கும் ஒன்றை நானும் வெட்டி எறிந்ததாக ஆகும்.

"ஒனக்கும் அந்தப் படத்துல ஒரு காப்பி எடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"அனுப்பு அக்கா" என்றேன்.